விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு சிறு குடாவுக்கு இறங்குவது எப்படி

கோவளத்துக்குப் போக யாரும் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டமே இல்லாத ஒரு கடற்கரை வேண்டும் என்று நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வருகிற உறவுக்காரப் பிள்ளைகள் என்னை நச்சரிப்பதால்தான் இதை எழுதிவைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக்காரன். கேரளத்தில் கோவளத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் வள்ளங்களின், அதாவது மீன்பிடிப் படகுகளின், எஞ்சினைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். கடலில் இறங்கி நீந்தியதைவிட, கடலுக்குப் போய்த் திரும்பியவர்களின் பேச்சைக் கேட்டதுதான் அதிகம். அந்தப் பேச்சிலிருந்துதான் கீழே உள்ளதில் பாதி.

முதலில் இடம். விழிஞ்ஞத்துக்கும் சொவ்வரைக்கும் நடுவே செம்மண் குன்றுகள் கடல் வரைக்கும் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையில், பாறைகளுக்கு நடுவே, சின்னச் சின்னக் குடாக்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் பாறை, முதுகுப்பக்கம் குன்று, நடுவில் கொஞ்சம் மணல். சொவ்வரைக்குத் தெற்கே அடிமலைத்துறையில் ஆரம்பித்து பூவார் வரை ஒரே நீளக் கடற்கரை. அங்கே குடா கிடையாது. பொழியூரைத் தாண்டி நம் பக்கம், நீரோடி முதல் தேங்காய்ப்பட்டினம் வரை தேடினால் கிடைப்பதெல்லாம் கடலரிப்புத் தடுப்புக் கற்களும் தூண்டில் வளைவுகளும்தான். முட்டத்துக்குப் போனால் பாறை பார்க்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே தனிமையை எதிர்பார்க்காதீர்கள். ஆகவே புளிங்குடி, சொவ்வரைப் பக்கம்தான் நான் அனுப்புவது. முல்லூர்க் கரையில் ஒரு பகுதி இப்போது புதிய துறைமுகத்துக்குள் போய்விட்டது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கும் அலைத்தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் குளிக்கப் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்தக் குடா என்பதைவிட எந்த மாதம் என்பது முக்கியம். ஆனி, ஆடியில் இங்கே கடற்கரையே இருக்காது. கேலிக்குச் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலை மணலை வாரிக்கொண்டு போய்க் கடலுக்குள் போட்டுவிடும். குடாவில் வெறும் உருண்டைக் கற்கள்தான் மிஞ்சும். மழைக்காலம் அடங்கிய பிறகு அதே மணலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். சில இடங்களில் வெள்ளை மணலுக்கு மேலே கருமணல் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும். மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கிறார்களே, அந்த இல்மனைட்தான். மதிய வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நடந்தால் கால் பழுத்துவிடும். மார்கழி, தை, மாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிந்து, அலை இறங்கி, பாறையில் சிப்பி தெரியும் காலம் அது.

அதிலும் இரண்டு விலக்கு உண்டு. கார்த்திகை, மார்கழியில் புயல் வரலாம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி இந்தக் கரையை என்ன செய்தது என்று வள்ளவிளையிலோ தூத்தூரிலோ பூந்துறையிலோ எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். இன்னொன்று கள்ளக்கடல். பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும். காற்று இருக்காது, வானத்தில் மேகம் இருக்காது, அலை மட்டும் சம்பந்தமில்லாமல் ஏறி வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல் கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்தியிலும் சொல்வார்கள். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். வெயிலைப் பார்த்துக் கடலை எடை போடக் கூடாது.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டி என்றால் காரோடு என்ற ஊரிலிருந்து முக்கோலை வரை சுமார் 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை, வழுக்கிக்கொண்டு போகலாம். எனக்கென்னவோ பூவார், கருங்குளம், புல்லுவிளை வழியாகப் போகும் பழைய கரையோரச் சாலைதான் பிடிக்கும். நேரம் பிடிக்கும், ஆனால் வழியெல்லாம் கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பேருந்தில் வருகிறவர்கள் பூவாரில் இறங்கி விழிஞ்ஞம் பேருந்து பிடிக்கலாம். ரயிலில் வந்தால் பாலராமபுரத்தில் இறங்கி அங்கிருந்து விழிஞ்ஞம். எப்படி வந்தாலும் காலை ஏழு மணிக்குக் குன்றின்மேல் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. காலையில் குன்றின் நிழல் மணல்மேல் கிடக்கும். வெயில் மணலில் விழுந்த பிறகு அங்கே ஒதுங்க இடம் கிடையாது.

நேரம் இருந்தால் முதலில் கோவளத்தில் ஒரு நிமிடம் நின்று, உயிர்காப்பாளர்கள் என்ன கொடி கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சிவப்புக் கொடி என்றால் குடாவிலும் சிவப்புதான். அங்கே கொடி கட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்ட நாளில் 1972இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் விழிஞ்ஞத்துக் குகைக் கோவிலையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஆழிமலையில் 58 அடி உயரச் சிவன் சிலை இருக்கிறது. கும்பிட்டுவிட்டு மேலேயே நில்லுங்கள். கீழே பாறையில் ஏறிப் படம் எடுக்கப் போனவர்களை அலை இழுத்த கதைகள் அந்த ஊரில் ஏராளம்.

குடாவின் தலைக்கு மேலே வந்தாயிற்று. இனி இறங்க அவசரப்படாதீர்கள். இருபது நிமிடமாவது மேலேயே உட்காருங்கள். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்காது. எனக்கு இதுதான் முக்கியம். அலை ஒரே அளவில் வராது. சின்ன அலைகள் பத்துப் பதினைந்து நிமிடம் வந்துகொண்டிருக்கும். பிறகு திடீரென்று மூன்று நான்கு பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். அந்தப் பெரிய கூட்டம் மணலில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குன்றின் அடிவரை ஏறினால் இன்று அந்தக் குடா வேண்டாம்.

பிறகு பாறையைப் பாருங்கள். கீழே கறுத்து, பாசியும் சிப்பியும் ஒட்டிய பகுதி எப்போதும் நனைவது. அதற்கு மேலே நிறம் வெளுத்து உலர்ந்த பகுதி. இரண்டுக்கும் நடுவே இப்போது ஈரமாக மினுங்குகிற இடம்தான் இன்றைய கடலின் எல்லை. மினுக்கம் வெளுத்த பகுதிக்கு மேலே ஏறியிருந்தால் கடல் வழக்கத்துக்கு மேல் நிற்கிறது என்று பொருள். மணலில் அடம்பங்கொடி படர்ந்திருந்தால் நல்லது. கொடி பிழைத்திருக்கும் இடத்துக்கு அலை அடிக்கடி வருவதில்லை. பையையும் செருப்பையும் அதற்கு மேலே வையுங்கள். இந்தக் கரையில் ஏற்ற இறக்கத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் ஒடுங்கிய மணலில் அந்த ஒரு மீட்டருக்கும் கணக்கு உண்டு.

மூன்றாவது, வெளியே போகும் வழி. வந்த வழி தவிர வேறு வழி இருக்கிறதா? பாறையைச் சுற்றிக்கொண்டு அடுத்த குடாவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும்போது முழங்கால் தண்ணீர் இருக்கும், வரும்போது தண்ணீர் ஏறியிருக்கும். குடாவுக்குள் கூட்டம் வராமல் தடுக்கிற அதே பாறைதான் உங்களையும் வெளியே போகவிடாமல் தடுக்கும். நான் சொல்ல வருவதெல்லாம் இதற்குள் அடக்கம்.

இறங்கும் பாதையைப் பற்றி ஒரு சங்கடம் உண்டு. கடற்கரை மணல் எந்த விடுதிக்கும் சொந்தமில்லை. அது அரசு நிலம். ஆனால் மணலுக்கு இறங்கும் படிக்கட்டு விடுதியின் நிலத்தில் இருக்கலாம். காவலாளியிடம் சட்டம் பேசி ஒரு பயனும் இல்லை. அந்த மனிதர் சம்பளத்துக்கு நிற்கிறார். "சேட்டா, தாழே போகப் பொது வழி எது?" என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள். தென்னந்தோப்புக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை எப்போதும் இருக்கும், ஏனென்றால் மீன்பிடிக்கிறவர்களும் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண் பாதை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். குன்றின் அடியில் சாய்ந்து உட்காரவும் கூடாது. நனைந்த மண் சொல்லிக்கொண்டு இடியாது.

கையில் என்ன வேண்டும்? பின்பட்டி உள்ள செருப்பு, ஏனென்றால் இந்தக் கடலில் அதிகம் பேருக்கு ரத்தம் வருவது மீன் கடித்து அல்ல, சிப்பி ஓடு கிழித்துத்தான். மூடியோடு ஒரு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். குடித்து முடித்ததும் மூடியை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நாலு ஆள் நீளத்துக்கு நைலான் கயிறு. ஒரு கைலி, உடை மாற்ற மறைவு கிடையாது, கழிப்பறையும் கிடையாது. பெண்களோடு போகிறவர்கள் இதை முன்பே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது. விழிஞ்ஞத்திலேயே எல்லாம் முடித்துவிட்டு வரட்டும். குன்றின் அடியில் கைப்பேசிக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மேலே இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். 112 எல்லாருக்கும் தெரியும். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இந்த இரண்டையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்த மிதவை, டியூப் எதையும் கொண்டுவராதீர்கள். தை மாதக் காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். குன்று மறைப்பதால் மணலில் நிற்கிற உங்களுக்கு அது தெரியாது. கொஞ்சம் உள்ளே போனதும் டியூபைப் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கும். கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்போது நடக்கிற விபத்து இது.

தண்ணீரில் கால் வைக்கும் முன், கரையில் கிடக்கும் ஒரு தேங்காய்க் கதம்பலை (உரித்த மட்டையை) எடுத்து, பாறையோரமாக அலைக்குள் வீசிப் பாருங்கள். எங்கே போகிறது என்று ஐந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நடுவில் அடித்து வருகிற அலைத் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். குடாவில் அது பெரும்பாலும் இரண்டு பக்கப் பாறைகளை ஒட்டித்தான் வெளியே ஓடும். கதம்பல் பாறையை உரசிக்கொண்டு நேராக வெளியே போனால் இழுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் அலை உடையாது. தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். நுரை வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் அலை உடையாத இடம்தானே பத்திரம் என்று நினைத்து அங்கேதான் போய் இறங்குவார்கள். அலை உடைகிற நடுப்பகுதியில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் நின்று குளிப்பதுதான் சரி.

இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் அதில் களைத்துத்தான் போகிறார். மிதந்தபடி ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். கொஞ்ச தூரம் போனதும் இழுப்பு தளர்ந்துவிடும். பிறகு பாறைப் பக்கம் திரும்பாமல், குடாவின் நடுப்பகுதிக்கு நேராக வந்து, அலை உடைகிற இடத்தில் அலையோடு சேர்ந்து உள்ளே வரலாம். கரையில் நிற்கிறவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடி இறுக்கிய அந்தக் காலிக் கேன் இப்போது பயன்படும். கயிற்றைக் கட்டி வீசுங்கள். எட்டாத தூரம் என்றால் கயிறில்லாமல் வீசுங்கள். பிடித்துக்கொண்டு மிதக்க ஓர் ஆளுக்கு அது போதும். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பத்தியால் பயனில்லை.

ஆளில்லாத கடற்கரை என்று நீங்கள் சொல்வது பலரின் வேலைத்தலம். சில குடாக்களில் கம்பவலை இழுப்பார்கள். மணலில் நீளமாகக் கிடக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள், வலை வளைத்த தண்ணீருக்குள் இறங்காதீர்கள். ஒரு கை பிடித்து இழுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்; நெத்திலி விழுந்த நாளாக இருந்தால் ஒரு பிடி அள்ளியும் தருவார்கள். பாறையோரம் இடுப்பில் வலைப்பையும் கையில் இரும்பு உளியுமாகச் சிப்பி எடுக்க மூழ்குகிறவர்கள் இருப்பார்கள். இந்தக் கடலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அவர்களிடம் "குளிக்கலாமா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகக் "குளியுங்கள்" என்றுதான் சொல்வார்கள். "மாமா, இன்றைக்கு உங்கள் பேரப்பிள்ளையை இங்கே இறக்குவீர்களா?" என்று கேளுங்கள். போன வருடம் என் தங்கை மகன் அப்படிக் கேட்டதற்கு ஒரு பெரியவர், "மக்களே, அடிவெள்ளம் கலங்கிக் கிடக்கிறது, நாங்களே இறங்காமல் பீடி குடித்துக்கொண்டிருக்கிறோம், பார்த்தால் தெரியவில்லையா?" என்றார். அதன்பிறகு யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். அன்று தேவாலயம் உண்டு, கடலுக்குப் போக மாட்டார்கள். கேட்க ஆள் இல்லை, ஒன்று என்றால் வள்ளம் எடுக்கவும் ஆள் இல்லை. செவ்வாய், புதன் மிக நல்லது.

வள்ளத்தில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு, என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். விழிஞ்ஞத்தில் பேசிப் பார்த்தால் குடாவுக்கு எதிரே கொண்டுபோய்க் காட்ட ஒத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். வாடகையைப் பேசுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே எஞ்சின்தான் தொங்குகிறது என்றால் பாறைப் பக்கம் போக அந்த வள்ளம் வேண்டாம். இங்கே ஓடும் பழைய எஞ்சின்களைப் பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மெதுவாக ஓட்டி ஓட்டி நின்றால் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்து எஞ்சின் இருமத் தொடங்கும். குடா வாயில் மெதுவாக நகர்கிறபோதுதான் அது இருமும். அலை பாறைக்குத் தள்ளுவதும் அதே இடத்தில்தான். "மாற்றுப் பிளக் இருக்கிறதா அண்ணா?" என்று கேளுங்கள். நல்ல ஓட்டுநர் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார். கோபப்படுகிறவரிடம் இருக்காது. உயிர்காப்பு அங்கி கழுத்தில் மாட்டினால் போதாது, இடுப்புப் பட்டையையும் பூட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கமாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது; புரொப்பெல்லர் செய்த காயங்களை நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க மாட்டேன். அலை இருக்கும் நாளில் வள்ளத்தை மணலில் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆனி, ஆடியில் சுற்றுவட்டார வள்ளமெல்லாம் விழிஞ்ஞத்துக்குத்தான் வந்து அடையும், ஏனென்றால் மற்றக் கரைகளில் இறக்க முடியாது. அப்போது யாருக்கும் உங்களைச் சுற்றிக் காட்ட நேரமும் இருக்காது.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரச் சொல்லித் தனியாக எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது, படித்தவர்கள்தானே நீங்கள்.

பதினொரு மணிக்குள் குன்றின்மேல் ஏறிவிடுங்கள். மதியத்துக்குமேல் காற்று திசை மாறிக் கடலிலிருந்து அடிக்கும், அலை கிளம்பும், மணலும் சுடும். சூரியன் மறைவதைக் குன்றின்மேல் நின்று பார்க்கலாம். கீழே நின்று பார்த்தால் இருட்டில்தான் அந்தப் பாதையில் ஏற வேண்டியிருக்கும். நவம்பரில் ஆறு மணிக்கே மறைந்துவிடும்.

திரும்பும் வழியில் சிப்பி வாங்காமல் வரக் கூடாது. காலையில் எடுத்ததா என்று கேட்டு, ஓடு இறுக மூடியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தட்டினால் மூடாதது வேண்டாம். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். ஓட்டில் ஒட்டிய நாரையும் பாசியையும் சுரண்டி, நாலைந்து தண்ணீரில் அலசி, ஒரு கைப்பிடித் தண்ணீர் மட்டும் ஊற்றி மூடி வேக வைத்தால் ஆவியில் வாய் திறக்கும். சதையை எடுத்து, தேங்காய், நல்லமிளகு, சின்ன உள்ளி சதைத்துப் போட்டுப் பிரட்டி, வேக வைத்த மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கோடு) சாப்பிடலாம். வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியை நெம்பித் திறக்க வேண்டாம். அப்படியே தூக்கி எறிந்துவிடுங்கள்.